அடுப்புக்குப் பின்சுவர்

ஓசூர்
4-2-1968, ஞாயிறு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அன்னமேரிக்கு,

நீ ஊத்தங்கரை போய்ச் சேர்ந்த விவரம் உன் அண்ணன் போட்ட கார்டில் தெரிந்தது. கழுத்துக் காயம் ஆறிவருகிறது, வலது கையைத்தான் இன்னும் தூக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பை விடாமல் போடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வருவாய் என்று நினைத்திருந்தேன். சரி, அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருப்பதும் நல்லதுதான்.

வீட்டில் அடுப்படி வேலையை ஆரம்பித்திருக்கிறேன். கூரையில் கருகின மரத்தையும் வெடித்த ஓடுகளையும் மாற்றியாகிவிட்டது. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் பாக்கி. திம்மராயன் மேஸ்திரி வந்து பார்த்தார். சிமென்ட் பூசிச் சிவப்புச் சாயம் போட்டு மெழுகலாம், அல்லது கடப்பைக் கல்லை நிறுத்திப் பதிக்கலாம், அல்லது பெங்களூரிலிருந்து வெள்ளை டைல்ஸ் வாங்கி ஒட்டலாம் என்கிறார். எங்கள் பேக்டரி அதிகாரி வீட்டுக்கு ஒருமுறை குழாய் மாட்டப் போனபோது அந்த டைல்ஸைப் பார்த்திருக்கிறேன். தாளித்த எண்ணெய் தெறித்தாலும் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் அடுப்பு முன்னால் நிற்கப்போவது நீ. உனக்கு எது வேண்டும் என்று எழுது.

வார நாட்களில் வழக்கம்போல் பெங்களூர் ரூமில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வருகிறேன். அம்மா தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நடந்த பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அருள்ஜோசப்


ஊத்தங்கரை
10-2-1968

அருள்ஜோசப் அவர்களுக்கு அன்னமேரி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. வலது கையால் பேனாவைப் பிடித்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சுவரைப் பற்றி என்னை ஏன் கேட்கிறீர்கள்? இப்போது அங்கே சமைப்பது உங்கள் அம்மா. அவருக்குப் பிடித்ததைப் போடுங்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன். வெள்ளையில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. டைல்ஸில் போனாலும் அதன் இடுக்கில் போகாது. கடப்பைக் கல் கறுப்பு. அது எதையும் காட்டாது, எதையும் மறைக்கவும் செய்யாது. சிமென்ட் சீக்கிரம் வெடிக்கும்.

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தீர்கள். எங்கே வைத்துக்கொள்வது என்று எழுதவில்லை.

அன்னமேரி


ஓசூர்
18-2-1968

அன்புள்ள அன்னமேரிக்கு,

என் பெயரை எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நீ என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, எழுதியும் பார்த்ததில்லை. யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதுபோல் இருந்தது. ஆனாலும் பதில் போட்டாயே, அது போதும்.

நேற்று சிக்பேட்டையில் டைல்ஸ் கடைக்குப் போய் வந்தேன். மாதிரிக்கு ஒன்று வாங்கி, ஊத்தங்கரை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் உன் அண்ணன் கடைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கையில் வைத்துப் பார். எவ்வளவு வழவழப்பு! இடுக்கில் வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தால் கறை நிற்காது என்கிறார் கடைக்காரர். அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாமாம். "சுண்ணாம்பு அடிச்சா ஆவாதா, அரமனையா கட்டற?" என்கிறாள். அதை விடு.

பக்கத்து வீட்டுச் சாந்தம்மா உன்னைக் கேட்டாள். "பிள்ள எப்ப வரும்ப்பா?" என்று தெலுங்கு கலந்த தமிழில் தினமும் கேட்கிறாளாம். மற்றவர்களும் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்தால்தானே பேச்சு வருகிறது. வெள்ளையாகப் பளபளவென்று ஆகிவிட்டால் ஊர்ப் பேச்சும் நின்றுவிடும். நானும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்காது.

பழைய காரையைச் செங்கல் தெரியும்வரை கொத்தினால்தான் டைல்ஸ் பிடிக்குமாம். மேஸ்திரிக்குக் கை ஒழிந்ததும் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று உடனே எழுது.

அருள்ஜோசப்


ஊத்தங்கரை
23-2-1968

சுவரில் கை வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மேஸ்திரியை உள்ளே விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது. இந்த வீட்டில் இருந்த கண்ணாடியை அம்மா எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். டைல்ஸைக் கையில் வாங்கியதும் அதில் என் கழுத்து தெரிந்தது. இத்தனை நாள் தொட்டுப் பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன். உங்கள்மேல் கோபம் அதற்காக இல்லை.

அன்று என்ன நடந்தது என்று நீங்கள் என்னை இதுவரை கேட்கவில்லை. நீங்கள் கேட்டது வேறு. அதனால் கேட்காமலே சொல்கிறேன். விறகு ஈரமாக இருந்ததால் பம்ப் ஸ்டவ்வை எடுத்தேன். சுவரை ஒட்டியிருந்த பலகைமேல் வைத்தேன். நிப்பிள் அடைத்திருந்தது. ஸ்டவ் பின் ஊசியால் குத்திவிட்டு மறுபடி காற்று அடித்தேன். உஸ் என்று ஒரு சத்தம். திருகு பக்கத்திலிருந்து சீமெண்ணெய் பீறிட்டுச் சுவரில் அடித்தது, நெருப்பும் அதோடு போனது. பிறகுதான் என் சேலைக்கு வந்தது. உங்கள் அம்மா முன்வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதும் ஓடிவந்து சாக்கைப் போட்டுச் சுற்றினார். அவர் உள்ளங்கையும் வெந்தது. அதை நான் மறக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில், "பிள்ளை இல்லாத ஏக்கத்துல தானே கொளுத்திக்கிச்சு" என்று நாலு பேரிடம் சொன்னவரும் அவர்தான்.

அவர் சொன்னதைத் தாங்கிக்கொள்வேன். நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து கட்டில் பக்கத்தில் நின்றீர்கள். வலிக்கிறதா என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். குனிந்து, "உண்மையைச் சொல்லு, நீயா வச்சிக்கினியா?" என்று கேட்டீர்கள். போலீஸ்காரர்கூட அப்படிக் கேட்கவில்லை.

ஸ்டவ்வை உங்கள் அம்மா பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். இனி மிச்சம் அந்தச் சுவர்தான். போய்ப் பாருங்கள். பலகை இருந்த மட்டத்திலிருந்து ஒரு பக்கமாக விசிறி மாதிரி விரிந்து கறுத்திருக்கும். தன்மேல் ஊற்றிக்கொண்டவள் சுவரில் அப்படி ஊற்றுவாளா? நீங்கள் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவர். காற்றழுத்தம் என்றால் என்ன என்று தெரிந்தவர். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களோடு சேர்ந்து நீங்களும் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். ஒருமுறை நின்று பாருங்கள். அதன்மேல் வெள்ளையைப் பூசிவிட்டால் எனக்காகப் பேச அந்த வீட்டில் எதுவும் இல்லை.

அன்னமேரி


ஓசூர்
3-3-1968

அன்னமேரி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து மாடத்தில் இருந்திருக்கிறது. நான் சனிக்கிழமைதான் பார்த்தேன். மேஸ்திரி திங்கட்கிழமையே வந்துவிட்டார்.

கடிதத்தைப் பிரித்தபடியே அடுப்படிக்குப் போனேன். சுவர் முழுக்கச் செங்கல். தரையெல்லாம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. உன் பதில் வரும்வரை நிறுத்து என்று நான் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொத்தின காரையைக் கொல்லையில் கொட்டியிருந்தார்கள். கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கிவந்து தரையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று தெரியவில்லை. விறகுப் புகையின் கரியும் அதில்தானே இருக்கிறது. அம்மா வந்து நின்று பார்த்தாள். "என்னாடா, பொம்மை செஞ்சிக்கினு இருக்கியா?" என்றாள். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "சுத்தம் பண்ணச் சொன்னவன் நீ. இப்ப என்னைக் கேக்கற" என்றாள். அதுவும் சரிதான்.

அந்தச் சுவரை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கறுப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நீ சொன்னபடியேதான் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எழுதிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. எழுத மனம் வரவில்லை.

டைல்ஸ் வேலையை நிறுத்திவிட்டேன்.

அருள்ஜோசப்


ஊத்தங்கரை
16-3-1968

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் இரண்டு முறை, "எழுதறியா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அவர் எழுதினால் வேறு மாதிரி இருக்கும். அதனால் நானே எழுதுகிறேன்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று அழக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நாட்களில் அந்தச் சுவரைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் அது அங்கே இருக்கிறது, ஒருநாள் நீங்கள் பார்ப்பீர்கள் என்று. இவ்வளவு முட்டாளாக ஒரு சுவரை நம்பியிருக்கிறேன்.

நீங்கள் பொய் எழுதவில்லை. எழுதியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடித்த பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

இனி ஸ்டவ் இல்லை, சுவர் இல்லை. நான் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. அதை நம்புகிறீர்களா, இல்லையா? மேஸ்திரி என்ன சொன்னார், கடைக்காரர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். மத்தூரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மடத்துத் தலைவி மதர் என் கழுத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்துப் பேசினார். ஜூன் மாதம் வரச் சொன்னார். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்வேன்.

மாதிரி டைல்ஸை அண்ணன் கண்டக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்னமேரி


ஓசூர்
24-3-1968, ஞாயிறு

அன்புள்ள அன்னமேரிக்கு,

நம்புகிறேன்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் சுவர் போன பிறகு வேறு வழியில்லாமல் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். எங்களோடு இருந்த மூன்று வருஷத்தில் நீ எதையாவது மறைத்ததுண்டா என்று யோசித்தேன். அம்மாவின் பீங்கான் ஜாடி உடைந்தபோது யாரும் பார்க்கவில்லை. பூனைமேல் போட்டிருக்கலாம். நீயே போய்ச் சொல்லித் திட்டு வாங்கினாய். அப்படிப்பட்டவளிடம் போய் அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன்? பஸ்ஸில் வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. நீயாக வைத்துக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் நான்தானே. வாரத்துக்கு ஒரு நாள் வந்து, பிள்ளை இல்லை என்று அம்மா சொல்லும்போதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன். "இல்லை" என்று நீ சொல்லிவிட்டால் எனக்குத் தப்பித்த மாதிரி இருக்கும் என்று கேட்டேன். வலியில் கிடந்தவள் நீ என்பது அப்போது தோன்றவில்லை.

இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது கிருபாராணி டீச்சர் நிறுத்தினார். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டீச்சர் சொன்னார்: "என்னா அருளு, அடுப்படிக்கு வெள்ளை டைல்ஸெல்லாம் போடறியாமே. இனிமேலாவது அந்தப் பொண்ணு மனசக் கெடுத்துக்காம இருக்கட்டும்."

"அவ மனசுல ஒண்ணும் கெடல டீச்சர். ஸ்டவ்வு வெடிச்சது" என்றேன்.

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. நீங்களும் பாக்கல. எங்கம்மாவும் முன்வாசல்ல இருந்தாங்க. பாத்தவ அவ ஒருத்திதான். அவ சொல்லிட்டா. இனிமே வேற மாதிரி யாரும் பேசக்கூடாது."

என் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோயில் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஊரு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டடா" என்று அழுதாள். பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை, பார்க்காததைச் சொன்னாய் என்றுதான் சொன்னேன் என்றேன். துணியைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் தேன்கனிக்கோட்டைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். கம்பியைப் பிடித்து ஏறினாள். அவள் உள்ளங்கையில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். எனக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை, அன்னமேரி.

நீ வா என்று எழுதப்போவதில்லை. அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. சுவர் செங்கலாகவே இருக்கிறது. நீ சொல்லாமல் அதன்மேல் எதுவும் ஏறாது.

அருள்ஜோசப்


ஊத்தங்கரை
29-3-1968

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தவ அவ ஒருத்திதான்" என்ற இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கு உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கனவில்லாமல் தூங்குகிறேன்.

நீங்கள் கேட்டபோது சுவரைப் பற்றி நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வெள்ளை வேண்டாம். பளபளப்பே வேண்டாம். குழம்பு கொதிப்பதைப் பார்க்கும்போது என்னையும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. மெருகு போடாத கடப்பைக் கல்லை இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம்வரை பதியுங்கள். அதற்குமேல் ஒரு ஜன்னல் வையுங்கள். அன்று கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே சுவர். எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் தெரியவில்லை. ஜன்னல் வழியாக ஓட முடியாது என்று எனக்கும் தெரியும். வெளியே சாந்தம்மா வீட்டு முருங்கை மரம் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அண்ணனோடு வந்து அந்த இடத்தில் நின்று பார்க்கிறேன். தங்க வரவில்லை. மதருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்னமேரி


ஓசூர்
7-4-1968, குருத்து ஞாயிறு

அன்புள்ள அன்னமேரிக்கு,

நேற்று நீ போன பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலுக்கு உடைத்த இடத்தில் நீ கையை வைத்து நின்றாய். சாந்தம்மா வெளியிலிருந்து, "வந்துட்டியாம்மா!" என்று கத்தினாள். நீ சிரித்தாய். கல் நன்றாக இருக்கிறது என்றாய். எனக்கு இருந்த சந்தோஷத்தில் உனக்கும் அண்ணனுக்கும் காப்பி போடலாம் என்று அம்மா இல்லாததால் ரூமிலிருந்து கொண்டுவந்த ஸ்டவ்வைத் தூக்கி வைத்தேன். பெங்களூரில் தினமும் நான் சமைப்பது அதில்தான். யோசிக்கவே இல்லை. இரண்டு தரம்தான் காற்று அடித்திருப்பேன். திரும்பினால் நீ இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டில் நின்றிருந்தாய். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால் தேவலை.

கல்லைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் எவ்வளவு யோசித்தேன். நெருப்பைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த ஸ்டவ்வைப் பெங்களூருக்கே எடுத்துப் போகிறேன். இனி அது ஓசூருக்கு வராது. விறகு அடுப்பை மேடைமேல் கட்டி, புகைபோக மேலே குழாய் வைக்க மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். கதவைப் பார்த்தபடி நின்று சமைக்கிற மாதிரி மேடையைத் திருப்பச் சொன்னேன். கல்லைப் பெயர்த்து வேறு பக்கம் பதிக்க வேண்டும் என்று அவர் அலுத்துக்கொண்டார். பதிக்கட்டும். ஜன்னல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீ வராவிட்டாலும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் செய்கிறேன்.

அருள்ஜோசப்


ஊத்தங்கரை
17-4-1968

அன்புள்ள உங்களுக்கு,

பாஸ்கா பண்டிகை முடிந்து எழுதுகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை நாள் முழுக்கக் கோயிலில் இருந்தேன். அக்கம்பக்கத்தார் என் கழுத்தைப் பார்த்தார்கள். முந்தானையால் மூடிக்கொண்டே இருந்ததில் வேர்த்து அரித்தது. ஒரு நேரத்தில் எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று ரோட்டுக்கு ஓடியது உங்கள்மேல் கோபத்தால் இல்லை. அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக ஓடியது. அப்புறம் வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் அண்ணன், "இவன்கிட்ட போய் எப்படி இருப்பே?" என்றார். "தெரியாம செஞ்சாருண்ணா. காப்பி போடத்தானே வந்தாரு" என்றேன். சொன்ன பிறகுதான், நான் உங்களுக்காகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மதரைப் பார்த்து ஜூன் மாதம் வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். "முடியாவிட்டால் திரும்பி வா, கதவு திறந்திருக்கும்" என்றார். அதை உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

உங்கள் அம்மா தேன்கனிக்கோட்டையில் எத்தனை நாள் இருப்பார்? போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னைக் காப்பாற்றிய கை அது. நான் சமைத்ததை அவர் சாப்பிடட்டும். ஆனால் அந்தப் பேச்சு இன்னொரு முறை வந்தால், நீங்கள் அன்று கோயில் வாசலில் பேசினதுபோல் வீட்டுக்குள்ளும் பேச வேண்டும். பேப்பரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுப்பு மூட்டும் முதல் நாள் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். லீவு போடுங்கள். நான் சும்மா நிற்கிறேன், தீயை நீங்கள் வையுங்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்து இறங்குவேன். தனியாகத்தான் வருகிறேன். கழுத்தை மூடிக்கொண்டு இறங்கமாட்டேன். எப்போதும்போல் நீங்கள் முன்னால் விறுவிறுவென்று போய்விடாதீர்கள். என் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். சந்து வழியாக வேண்டாம், கடைத்தெரு வழியாகவே போவோம்.

அன்னமேரி